அபின் கடைத் தராசு

வியாபாரம் வருஷா வருஷம் குறைந்தால்தான் நல்ல பெயர் என்று நடத்தப்பட்ட கடை ஒன்று உண்டென்றால் அது அபின் கடைதான். அதில் தராசு பிடித்தவன் நான். ஊர் திண்டிவனம், காலம் ஐம்பதுகள். கள்ளும் சாராயமும் மதுவிலக்கில் போயே போய்விட்டன. அபின் மட்டும் சர்க்கார் லைசென்ஸில், பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும், வாராவாரம் அளந்து கொடுக்கப்பட்டது. லைசென்ஸ் முதலாளி பெயரில் இருந்தது, பெர்மிட் வாங்குகிறவர் பெயரில் இருந்தது, திட்டு மட்டும் என் பெயருக்கு வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது இந்த நிமிஷம் முட்டியோ இடுப்போ கழுத்தோ குடைந்துகொண்டிருக்கும். எனக்கும்தான். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிக்கு ஒரு தலையணை என்று அண்டக்கொடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெட்கப்படாமல் நீங்களும் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையில் நான் பார்த்த ஆட்களுக்கு முன்னால் நம்ம முனகலெல்லாம் கொசுக்கடிதான். நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

முதல் கிராக்கி

அபின் தின்கிறவன் என்றால் சொக்கிப்போய், வாயில் ஈ நுழைவது தெரியாமல் சுவரோரம் கிடப்பான் என்பதுதான் வேலைக்குச் சேர்ந்தபோது என் நினைப்பு. அப்படிக் கிடப்பவர்களை எழுப்பி விரட்ட வேண்டியிருக்குமே என்று முதல் நாளே ஒரு பிரம்பு கொண்டுபோய்க் கதவோரம் சாத்தி வைத்தேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

கடை திறந்ததும் வந்தவர் முனுசாமி. ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை மாற்றுவதும் ஜல்லி இடிப்பதுமே அவர் ஆயுசு. ஒருநாள் தூக்கிக்கொண்டிருந்த தண்டவாளம் நழுவித் தொடையில் விழுந்துவிட்டது. காலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள், வலியையும் சேர்த்தே கொடுத்தார்கள். தேய்த்த காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, பவுடர் டப்பாவுக்குள் பத்திரமாக பெர்மிட். அளந்து கொடுத்ததில் மிளகளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இங்கேயெல்லாம் மயங்கி விழக்கூடாது பெரியவரே என்று நான் அதிகாரமாக ஒரு சத்தம் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார், காலை ஒரு உதறு உதறினார், மார்க்கெட் பக்கம் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். வாசலைத் தாண்டும்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"மயக்கம் வேணும்னா எங்க வூட்டுக்காரி வைக்கிற கொழம்பு போதும் தம்பி, இது நான் நடக்கறதுக்கு."

பிரம்பை மறுநாளே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

காகிதப் பொட்டலம்

அபினை வாழைச்சருகில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவிக் கட்டிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். ஒட்டாது, ஒரு துளி வீணாகாது. விழுப்புரத்திலிருந்து சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டருக்கு அது பிடிக்கவில்லை. சருகு சுத்தமில்லை, இனிமேல் காகிதத்தில்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார். காகிதம் என்றால் எங்களுக்குப் பழைய பேப்பர்தான்.

அது ஐப்பசி மாசம். மழைக் காற்று பட்டால் அபின் வியர்த்து வெல்லப்பாகு மாதிரி இளகிவிடும். பேப்பரோடு ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்று ஒரே அழும்பு. மேலிடத்தில் வருஷா வருஷம் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், அதில் பேப்பருக்கு வேறு பங்கு என்றால் யார் விடுவார்கள்? எல்லோரும் பேப்பரோடு சேர்த்தே மென்று தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். வாரம் முழுக்க என்னைப் பிடித்து உலுக்கி எடுத்தார்கள், ஒரே பேஜார். முனுசாமி மட்டும் கோபப்படவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"போன வாரத்துப் பேப்பரை முழுசா முழுங்கிட்டேன் தம்பி, மந்திரி பேச்சு மட்டும் இன்னும் ஜீரணமாகலை."

அளவு கேட்ட கதை

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்திலிருந்து வாராவாரம் ஒரு ஜோடி வரும். கோவிந்தன், அவர் சம்சாரம் கன்னியம்மா. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, ஊரார் கழனியில் கூலி. பெர்மிட் கன்னியம்மா பெயரில். பெர்மிட்காரர் நேரில் வந்தால்தான் சரக்கு என்பது சட்டம், அதனால் யாராவது மூட்டை ஏற்றி வருகிற வண்டியில் மூட்டையோடு மூட்டையாக அவளைத் திண்டிவனத்துக்கு ஏற்றி வருவார். வயசு முப்பது இருக்கும். கை விரலெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணிக்கொண்டு, கணுவுக்குக் கணு வீங்கி இருக்கும். முட்டி இரண்டும் அதைவிட மோசம். வாதம் என்றார்கள், தைலம் தடவினார்கள், பத்தியம் போட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அபின் இல்லாவிட்டால் பாயிலிருந்து எழுந்திருக்க முடியாது, ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. கொஞ்சம் உள்ளே போய்விட்டால் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைப்பாள், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். விதை மல்லாட்டைக்குத் தோல் கீறக்கூடாது, கையால்தான் உடைக்க வேண்டும். அந்த விரலை வைத்துக்கொண்டு அந்த வேலை. சத்தியமாகச் சொல்கிறேன், என் விரலால் எனக்கு அது வராது.

கோவிந்தன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். அவள் எப்படிப் படுத்தாள், எப்படிப் புரண்டாள், எந்தப் பக்கம் குத்தல், எந்தப் பக்கம் எரிச்சல், அத்தனையும் கடை வாசலில் கூட்டம் கூட்டிச் சொல்வார். கேட்கிற நமக்கே வலிக்க ஆரம்பித்துவிடும். அவளோ கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

பெர்மிட்காரர் ஒவ்வொருவருக்கும் வலி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லி ஒருதரம் மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. நான் அவளிடம் கேட்டேன். கொஞ்சமா, நடுத்தரமா, ஜாஸ்தியா? கோவிந்தன் வாயைத் திறந்தார். நீங்கள் சும்மா இருங்கள், அவங்களே சொல்லட்டும் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த தராசைப் பார்த்தாள். அவள் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"அளக்கறதுக்கு உங்ககிட்டதானே தராசு இருக்குதுங்கண்ணா, நான் இன்னாத்தைக் கண்டேன்."

விழுப்புரம் போன ஊர்வலம்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரே போடாகப் போட்டார்கள். பழக்கத்துக்குத் தின்கிறவனுக்கு இனி அபின் கிடையாது, வியாதிக்கு வேண்டும் என்று சர்க்கார் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் உண்டு. டாக்டர் விழுப்புரத்தில். ஆட்களை அடையாளம் காட்டுவது கடைக்காரன் பொறுப்பு என்று என் தலையில் கட்டினார்கள். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். சொந்த உபயோகம் என்று வாங்கிப் போய் ஊருக்குள் விற்றவனும் இருந்தான், தின்றே குடும்பத்தைத் தெருவில் விட்டவனும் இருந்தான். ஆனால் அவன் தலையில் விழுந்த அதே கோடாலிதான் கன்னியம்மா தலையிலும் விழுந்தது.

பாஸஞ்சர் ரயிலில் கிளம்பினோம். எங்கள் ஆட்களைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நீலம் போட்ட வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றி நிறைய விபூதி. பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோம், அழுக்கும் அழுகையுமாகப் போய் நிற்பது மரியாதையா என்பது அவர்கள் நினைப்பு. ரயிலில் உட்கார்ந்து வர வேண்டுமே என்று எல்லோரும் காலையிலேயே தங்கள் பங்கைப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். மயிலம் ஸ்டேஷனில் கோவிந்தனும் கன்னியம்மாவும் ஏறினார்கள். மஞ்சள் பூசிய முகம், தலையில் கனகாம்பரம், பெட்டியில் இருந்த சிவப்புப் புடவை. பார்க்க லட்சணமாக இருந்தாள். அதில் இருந்த ஆபத்து எங்கள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

டாக்டர் மதராஸ்காரர், சின்ன வயசு. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவர் மேஜைக்கு வரிசை நகர்ந்தது. கன்னியம்மா வந்து கும்பிட்டாள், கும்பிட்ட கையை உடனே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கோணல் விரலைப் பெரியவர்கள் எதிரில் நீட்டுவது அவமரியாதை அவளுக்கு. கோவிந்தன் பேச ஆரம்பித்தார், டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். அன்றைக்கு அதே கதையை அவர் எத்தனை வாயால் கேட்டிருப்பாரோ. அவளை மேலும் கீழும் பார்த்தார். பாதி அளவு மூன்று மாசத்துக்கு, அப்புறம் திரும்ப வந்து காட்ட வேண்டும், அப்போதும் இப்படியே இருந்தால் அடியோடு நிறுத்தம் என்று எழுதினார். நான் குறுக்கே புகுந்து, சார் இவங்களுக்கு நிஜமாகவே என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார்.

"இவ்வளவு ஜம்முனு வந்து நின்னா நான் என்னத்தைய்யா எழுதறது?"

அதே வராந்தாவில்

விழுப்புரம் கடைப் பெர்மிட்காரர்களுக்கும் அன்றைக்கேதான் சோதனை. அதில் காணை என்கிற ஊரிலிருந்து வந்த ஒருவரை மறக்க முடியாது. ஆள் வாட்டசாட்டம், கரும்புக் கட்டைத் தூக்கித் தோளில் போடுவார் போல இருந்தார். வரிசையில் நிற்கும்போது வலது காலை நொண்டினார், உள்ளே போகும்போது இடது காலை நொண்டினார். டாக்டர் கை அவர் மேல் படவேயில்லை, அதற்குள் போட்டாரே ஒரு கூச்சல், வராந்தாவில் இருந்த குழந்தைகள் எல்லாம் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டன. ஆஸ்பத்திரி ஆயா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

முழு அளவு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். எந்தக் காலும் நொண்டவில்லை. வேப்பமரத்தடியில் சுருண்டு உட்கார்ந்திருந்த கோவிந்தனைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் குந்திக்கொண்டு தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"வலின்னா சத்தம் கேக்கணும்பா, ஊட்டுக்குள்ள பூட்டி வச்சிகினு இருந்தா டாக்டருக்கு எப்டி தெரியும்?"

பாதிப் பங்கு

அடுத்த வாரத்திலிருந்து கன்னியம்மாவுக்குப் பாதி. நிறுக்கிற எனக்கே கை கூசியது. பாதி அளவில் பழைய வலி திரும்பி வருவது மட்டுமில்லை, மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், வயிற்றைப் புரட்டும். மல்லாட்டை உடைக்கிற வேலை நின்றுபோயிற்று. வண்டியிலிருந்து கோவிந்தன் அவளைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைப்பார். அவ்வளவு பேசிய மனுஷன், அந்த நாட்களில் என்ன வண்டியில் வந்தோம் என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்வதில்லை.

முனுசாமிக்கு டாக்டர் முழு அளவு எழுதியிருந்தார். தொடையில் இருந்த பள்ளமே அவருக்குச் சாட்சி. ஒருநாள் அவர் தன் பங்கை வாங்கி, சருகை விரித்து, நகத்தால் பாதியாகக் கீறினார். ஆமாம், சருகுதான், இன்ஸ்பெக்டர் மாறினதும் நாங்கள் சத்தம் போடாமல் சருகுக்கே திரும்பிவிட்டோம். கீறின பாதியைக் கன்னியம்மா பக்கம் நகர்த்தினார். அப்படிக் கொடுப்பது சட்டப்படி குற்றம், இரண்டு பேர் பெர்மிட்டும் போகும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அதைத் திரும்ப நகர்த்திவிட்டாள். அந்த விரலால் நகர்த்தவே வெகு நேரம் பிடித்தது. வேண்டாம் என்று தலையாட்டினால் முனுசாமி விடுகிற ஆள் இல்லை. அதனால் வாயைத் திறந்து சொன்னாள்.

"உங்க மருந்தை நான் வாங்கிக்கினா, உங்க வலியை யாரு வாங்கிக்கறதுங்க?"

முனுசாமி மீசையை முறுக்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சாக்குக்கூட இல்லாமல் துடைத்துக்கொண்டேன்.

கத்தல் பாடம்

திரும்ப விழுப்புரம் போக வேண்டிய நாள் நெருங்கியது. இந்தத் தடவை தவறினால் பாதியும் கிடையாது. நான் கோவிந்தனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்றைக்குக் காலையில் மருந்து கொடுக்காதீர்கள், பூ வேண்டாம், மஞ்சள் வேண்டாம், இருக்கிறபடியே கூட்டி வாருங்கள். அவர் முகம் செத்துவிட்டது. மருந்து இல்லாமல் அவளை வண்டியில் ஏற்றி, ரயிலில் ஏற்றி, எப்படிக் கொண்டு சேர்ப்பது? மருந்தோடு போனால் டாக்டருக்கு வலி தெரியாது, மருந்து இல்லாமல் போனால் ஆளே போய்ச் சேருவாளா தெரியாது. இப்படி ஒரு இக்கட்டை எந்த எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

வேறு வழியில்லை என்று அவருக்கும் புரிந்தது. கூடவே காணைக்காரர் சொன்னதும் நினைவு வந்திருக்கிறது. சரி, கத்தவாவது பழக்கிவிடுவோம் என்று வீட்டில் பாடம் நடத்தினாராம். டாக்டர் மாதிரி இவர் உட்கார்ந்துகொள்ள வேண்டியது, முட்டியைத் தொட்டதும் அவள் கத்த வேண்டியது. எப்படிக் கத்துவது என்று முதலில் இவரே கத்திக் காட்டியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் பாம்பு கடித்துவிட்டதென்று தடியோடு ஓடி வந்துவிட்டார்களாம். பாடம் எப்படிப் போகிறது என்று அடுத்த வாரம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் கத்தினதைப் பாத்து அவ சிரிச்சா பாருங்க, வலி வந்ததுலேர்ந்து அப்டி சிரிச்சி நான் பாத்ததில்லீங்க."

கட்டை போட்டவர்

சோதனை நாளன்று முனுசாமிக்கு விழுப்புரத்தில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் திண்டிவனத்தில் என்னோடு ரயில் ஏறிவிட்டார். மயிலத்தில் கோவிந்தனும் ஸ்டேஷன் போர்ட்டரும் கையைக் கோத்து நாற்காலி போலாக்கிக் கன்னியம்மாவை ஏற்றினார்கள். முந்தின நாள் ராத்திரிக்கு அப்புறம் மருந்து கிடையாது. உதடு வெளுத்து, கண் உள்ளே போய், அவளா இவள் என்று இருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் அவள் உடம்பில் இருக்கிற மூட்டெல்லாம் தனித்தனியாகத் துடித்தது. கோவிந்தன் அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

முனுசாமி எதிரில் உட்கார்ந்தார். அந்த லைனில் எந்த இடத்தில் தண்டவாளம் தாழ்ந்திருக்கும், எந்தப் பாலத்துக்கு முன்னால் இடிக்கும், எந்த வளைவில் வண்டி சாயும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு இடம் வருவதற்கும் கொஞ்சம் முன்னாலேயே, "இப்ப வருதும்மா" என்பார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், மூச்சை இழுத்துக்கொள்வாள், குலுக்கல் வரும், போகும். "இனிமே கொஞ்ச தூரம் சும்மா இரு" என்பார், அவள் மூச்சை விடுவாள். பேரணி தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி, முண்டியம்பாக்கம் வரைக்கும் இப்படியேதான். அந்தப் பெட்டியில் மல்லாட்டை கொறித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஒரு இடத்தில் மட்டும் அவர் கணக்குத் தப்பிவிட்டது. சொல்வதற்கு முன்னால் குலுக்கல் வந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முனுசாமி கை இரண்டையும் கூப்பினார்.

"நான் போட்ட கட்டைதாம்மா அது, மன்னிச்சிக்க."

டாக்டர் அறையில்

இந்தத் தடவை டாக்டர், அடையாளம் காட்ட நான் மட்டும் இருந்தால் போதும், புருஷன் வெளியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கோவிந்தன் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். எனக்குப் பகீர் என்றது. அவளுக்காகப் பேசுகிற ஒரே வாய் வெளியே போய்விட்டது. இனி இவள் பேசினால்தான் உண்டு, இவளோ பேச மாட்டாள்.

டாக்டர் அவளை பெஞ்சில் உட்கார வைத்து, முட்டியைப் பிடித்து மெதுவாக மடக்கினார். உள்ளேயிருந்து நறநறவென்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. அவள் கத்தவில்லை. இன்னொரு முட்டியை மடக்கினார். கத்தவில்லை. கையை நீட்டச் சொன்னார். அவள் நீட்டவில்லை, அப்போதும் மறைக்கிறாளோ என்று நான் குனிந்து பார்த்தேன். மறைக்கவில்லை. பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகச் சரியாக மடங்காத அந்த விரல்கள் இறுக்கி மடங்கி இருந்தன, திரும்பப் பிரிக்க அவளுக்கு முடியவில்லை. வியர்வையில் புடவை, மழையில் நனைந்த மாதிரி முதுகோடு ஒட்டிக் கிடந்தது. முந்தானை நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். டாக்டர் குனிந்து, பெஞ்சிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வலிக்கிறதா என்று கேட்டார். தலையை ஆட்டினாள். இவ்வளவு வலித்தால் ஏனம்மா கத்தவில்லை என்றார். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு சொல்லிக் குடுத்துப் பாத்தாருங்க ஐயா, எனக்கு வரலை. கத்தினாதான் குடுப்பீங்கன்னா நீங்க சொல்லிக் குடுங்க, கத்தறேன்."

அதற்கப்புறம்

டாக்டர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, டம்ளரை அவள் வாயருகே அவரே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வேண்டிய மருந்தை அங்கேயே வரவழைத்துக் கொடுக்கச் சொன்னார். முழு அளவு, ஆயுசு உள்ள வரைக்கும், இனி நேரில் வரத் தேவையில்லை, புருஷன் வாங்கிப் போகலாம் என்று எழுதினார். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் மேலிடம்தான் பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. கதவைத் திறந்ததும் கோவிந்தன் விழுந்தடித்து உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், இரண்டு பேரையும் சேர்த்துக் கும்பிட்டார். நான் கிளம்பும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"போன தடவை நான் குறைச்சவங்க எல்லாரையும் திரும்ப வரச் சொல்லுங்க. ஜோடிச்சுக்கிட்டு வந்தாலும் பரவாயில்லை, நான் தொட்டுப் பார்த்துக்கறேன்."

அறுபதுகளில் எங்கள் கடை மூடப்பட்டது. மிச்சமிருந்த பெர்மிட்காரர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க ஏற்பாடாயிற்று. நான் விழுப்புரத்தில் ஒரு அரிசி மண்டியில் தராசு பிடிக்கப் போனேன், தராசை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும். முனுசாமி தன் கால் வலியைத் தண்டவாளத்துக்குக் கீழேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஒருநாள் மார்க்கெட்டுக்கு நடந்து போய்த் திரும்பி வந்து, வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கோவிந்தனை மட்டும் அவ்வப்போது ஆஸ்பத்திரி வாசலில் பார்ப்பேன். பழையபடி கூட்டம் கூட்டிப் பேசிக்கொண்டிருப்பார். அவள் எப்படி இருக்கிறாள் என்றால், விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

இப்போதெல்லாம் என் டாக்டர் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்கும்போது, பெஞ்சைப் பிடித்திருந்த கன்னியம்மாவின் விரல்கள் கண்முன்னால் வந்து நின்றுவிடுவதால், "ஒண்ணு சார்" என்று சொல்லிவிட்டு, வெறும் தைலப் பாட்டிலோடு வழியெல்லாம் முனகிக்கொண்டே வீடு வந்து சேர்கிறேன்.